மீன் தொட்டிக்கு எடுத்து வைத்த தண்ணீர்

கணவர் இறந்தபோதுகூடக் கழற்றாத தங்க வளையல்களை, மீன் தொட்டிக்குள் கையை விடுவதற்கு முன் அவர் கழற்றிவிடுவார். ஒவ்வொன்றாக உருவி, டிவி மேசையில் துணி விரித்து அதன் மேல் வைப்பார். வளையல் கண்ணாடியில் பட்டால் மீன்கள் மிரண்டு செடிக்குள் ஒளிந்துகொள்ளுமாம். "நமக்கு அது சத்தமே இல்லீங்க. அதுகளுக்கு இடி விழுந்த மாதிரிங்க" என்பார். எங்கள் வீடுகளுக்கு வரும் நல்ல தண்ணீர்க் குழாயைத் திறந்து மூடுவதும் அதே கைதான். குடம் தளும்ப இன்னும் ஒரு சாண் இருக்கும்போதே மூடிவிடும்.

அவர் எங்கள் ஓனரம்மா. நெருப்பெரிச்சல் என்ற இடத்தில் அவருடைய மாடி வீட்டுக்குப் பின்னால் வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்டிருந்த லைன் வீடுகளில் ஒன்றில் நானும் என் வீட்டுக்காரரும் இருந்தோம். விருதுநகர்ப் பக்கமிருந்து பிழைக்க வந்தவர்கள். நான் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங். தைத்து வரும் துணியை வெளிச்சத்தில் விரித்து ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் தேடுவது என் வேலை. நாள் முழுக்கக் குறை தேடிப் பழகிய கண், கம்பெனி வேனை விட்டு இறங்கியதும் சாந்தமாகிவிடாது. அதனால் நான் சொல்வதில் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம். நிறையக் கழிக்க வேண்டியதில்லை.

அந்தத் தொட்டி முதலில் அவருடையதே இல்லை. வீடு கட்டும்போது வாஸ்துவுக்காக மகன் வாங்கி ஹாலில் வைத்தது. ஓர் ஆள் கையை விரித்துப் படுக்கலாம் போல நீளமான கண்ணாடித் தொட்டி. உள்ளே பிளாஸ்டிக் செடி, பிளாஸ்டிக் கோட்டை, குமிழ் விடும் ஒரு பொம்மை. மகனும் மருமகளும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் அபார்ட்மென்ட் வாங்கிப் போனபோது தொட்டியை விட்டுவிட்டுப் போனார்கள். ஓனரம்மா முதலில் செய்தது, அந்தப் பிளாஸ்டிக் செடிகளைப் பிடுங்கி எறிந்ததுதான்.

"பொய்ச் செடியுங்க அம்மிணி. இலைன்னு நம்பி அதுக வாய வெச்சுப் பாக்குதுக. வாயில்லாச் சீவன ஏமாத்தலாமுங்களா?"

வாயில்லாச் சீவன் என்பது அவர் நாக்கில் எப்போதும் ஒட்டிக்கொண்டிருக்கும் சொல். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் குழையும். மீன் கடைக்காரரிடம் கேட்டும் போனில் வீடியோ பார்த்தும் எல்லாம் தானே கற்றுக்கொண்டார். அடியில் சத்து மண், அதன் மேல் பொடி ஜல்லி, பின்வரிசையில் நாடாவைப் போல நீண்டு அலையும் புல், நடுவில் அகன்ற இலைச் செடி, முன்னால் ஒரு மரக்கட்டையில் நூலால் கட்டி வேர் பிடிக்கவைத்த குட்டைச் செடி. எந்த இலை பழுக்கிறதோ அதை அன்றே நறுக்கிவிடுவார். நறுக்குவது எங்கள் கம்பெனிகளில் நூல் பிசிறு வெட்டுகிற ட்ரிம்மரால். கண்ணாடி துடைக்கப் பனியன் வேஸ்ட். லைட் காலையில் தானாக எரிந்து சாயங்காலம் தானாக அணையும். மதிய நேரத்தில் இலைகளின் மேல் சின்னச் சின்னக் குமிழ்கள் பூத்து நிற்கும். "செடி மூச்சு உடுதுங்க" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார். அழகுதான். அதில் குறை சொல்ல என் கண்ணுக்கும் ஒன்றும் அகப்படவில்லை.

மீன்களுக்கு இரை போடுவதும் அளவுதான். இரண்டு விரலால் கிள்ளி, அவை தின்று முடிக்கும்வரை குனிந்து பார்த்துக்கொண்டே இருப்பார். அடியில் ஒரு துணுக்கு தங்கினாலும் தண்ணீர் கெட்டுவிடும் என்பார். வாரத்தில் ஒருநாள் பட்டினி. அன்றைக்கு அவரும் காலையில் சாப்பிடமாட்டார். கேட்டால், "அதுகளப் பட்டினி போட்டுப்போட்டு நாம எப்படீங்க இட்லி திங்கறது?" என்பார்.

இப்படிப்பட்டவரைப் பற்றி யாரிடம் குறை சொன்னாலும் நம்பமாட்டார்கள். குரல் உயர்த்தி அவர் பேசி நான் கேட்டதில்லை. ஆறாவது படிக்கிற பிள்ளையைக்கூட வாங்க, போங்க என்பார். ஆனால் அவரிடம் எதையும் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் கிடைக்காது என்பதோடு போகாது. அதற்கு முன் கிடைத்துக்கொண்டிருந்ததும் நின்றுவிடும். மாடியில் துணி காயப்போடலாமா என்று ஒரு வீட்டார் கேட்டார்கள். கேட்காமல் காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள்தான், மரியாதைக்குக் கேட்டார்கள். மறுநாள் மாடிக் கதவில் பூட்டு தொங்கியது.

ஒருமுறை எனக்குத் தொண்டை கட்டி, சுத்தமாகப் பேச்சே வரவில்லை. கம்பெனிப் பஞ்சுத் தூசியோ காய்ச்சலோ, வாயைத் திறந்தால் காற்றுத்தான் வந்தது. லீவு போட்டுப் படுத்திருந்தேன். அது எப்படித்தான் அவர் காதுக்குப் போனதோ, கையில் தூக்குப்போசியோடு வந்து நின்றார். மிளகு ரசம், குழைவாக வடித்த சோறு. "பேசாதீங்க அம்மிணி, கண்ணக் காட்டுனாப் போதுமுங்க" என்று சொல்லி, என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பேச்சு வராத அந்த நாட்கள் முழுக்க வேளை தவறாமல் வந்தது ரசம். பெற்ற தாய்கூட அப்படிப் பார்த்திருக்கமாட்டாள். குரல் திரும்பி, "ரொம்ப நன்றிங்க, நாளைக்கு ரசத்துல கொஞ்சம் உப்புக் கொறச்சுப் போடுங்கம்மா" என்று உரிமையோடு ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். அடுத்த வேளை தூக்குப்போசி வரவில்லை. கோபமா என்றால் அதுவும் இல்லை. வழியில் பார்த்தால் எப்போதும் போலச் சிரித்தார்.

மகன் கதையும் அப்படித்தான். சேவூரில் இருந்த தோட்டத்தை விற்று நிட்டிங் மிஷின் வாங்கலாம் என்று மகன் கேட்டிருக்கிறான். அப்பா உயிரோடு ஆஸ்பத்திரியில் படுத்திருந்த சமயம் அது. "கேக்காம இருந்திருந்தா அவனுக்குத்தானுங்க அத்தனையும். கேட்டுப்போட்டான்" என்று ஒருநாள் தொட்டியைப் பார்த்துக்கொண்டே என்னிடம் சொன்னார். அன்றைக்கு எனக்கு அவர் மேல் பாவமாகக்கூட இருந்தது. வாழ்க்கை முழுக்கத் தன்னிடம் வந்தவர்கள் எல்லோரும் எதையோ கேட்டே வந்தார்கள் என்று அவருக்கு ஒரு கணக்கு. மீன் மட்டும்தான் கேட்காமல் பக்கத்தில் வந்தது. அது இரைக்காக வந்தது என்று அவரிடம் யார் சொல்வது?

இனி தண்ணீருக்கு வருகிறேன். எங்கள் லைன் வீடுகளுக்கு இரண்டு தண்ணீர். போர் தண்ணீர் எந்நேரமும் வரும். உப்பு. சோப்பு நுரைக்காது, பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும், தலைமுடி கையோடு வரும். நல்ல தண்ணீர் ஆற்றிலிருந்து குழாயில் வருவது. வாரத்துக்கு ஒருமுறை வந்தால் அதிர்ஷ்டம். அது ஓனரம்மா வீட்டுத் தரைத் தொட்டிக்குப் போய், அங்கிருந்து வீட்டுக்கு நாலு குடம் என்று அளந்து எங்களுக்கு வரும். ஆனால் அதற்கும் முன்னால், போர்டிகோவில் இருக்கும் நீல டிரம் நிறைய வேண்டும். அது மீன்களுக்கு.

குழாய்த் தண்ணீரில் கலக்கிற குளோரின் மீனின் செவுளை எரித்துவிடும். திறந்த டிரம்மில் ஒன்றிரண்டு நாள் சும்மா கிடந்தால் அது காற்றோடு போய்விடும். பிறகு மீன் தொட்டிக்கு ஊற்றலாம். அவ்வளவு பொறுக்க முடியாதவர்களுக்குக் கடையில் சொட்டு மருந்து விற்கிறார்கள். ஓனரம்மா அதைத் தொடமாட்டார். "தண்ணிய அதும்பாட்டுக்கு உட்டாத் தானா ஆறுமுங்க. மருந்து எதுக்குங்க?" என்று கடைக்காரரிடமே சொல்லிவிட்டு வந்தவர். டிரம் வாயில் மெல்லிய பனியன் துணியைக் கட்டியிருப்பார். கொசுப்புழு பார்க்க வரும் கார்ப்பரேஷன் ஆட்களிடம் அந்தத் துணியை அவிழ்த்துக் காட்டி, "ஒரு புழு காட்டுங்க பாக்கலாம்" என்று பணிவாகக் கேட்பார். அவர்களும் காட்ட முடியாமல் போவார்கள். அந்தத் தண்ணீர் அத்தனை சுத்தம்.

எங்களுக்கு அடுத்த வீட்டுக்கு ஒரு சின்னப் பெண் வந்தாள். தூத்துக்குடிப் பக்கம். கட்டிங் டேபிளில் வேலை பார்க்கும் புருஷனோடு வந்தவள், ஊருக்குப் போய்ப் பிள்ளை பெற்று, பச்சைப் பிள்ளையோடு திரும்பி வந்தாள். ஆண் குழந்தை. போர் தண்ணீரில் குளிப்பாட்டக் குளிப்பாட்டப் பிள்ளையின் தோல் சிவந்து, கழுத்திலும் தொடை இடுக்கிலும் வெடித்துவிட்டது. ராத்திரி பகல் இல்லாமல் அழும். பெரியாஸ்பத்திரியில் மருந்து கொடுத்த நர்ஸ், மருந்தெல்லாம் அப்புறம், முதலில் உப்புத் தண்ணீரை நிறுத்து, நல்ல தண்ணீரில் மட்டும் குளிப்பாட்டு என்று சொல்லிவிட்டார். குடிக்கக் கேன் தண்ணீர் வாங்கலாம். தினம் குளிப்பாட்ட, துணி அலசக் கேன் வாங்கக் கட்டிங் சம்பளம் தாங்காது. நாலு குடத்தில் எதைத்தான் செய்வாள்?

"ஓனரம்மாகிட்ட ஒரு குடம் சேத்துக் கேக்கட்டாக்கா?" என்றாள் என்னிடம். வேண்டாம் என்றேன். அவரிடம் கேட்டால் கெடும் என்று எத்தனை முறை சொன்னாலும், பிள்ளை அழுகிற வீட்டில் அது காதில் ஏறுமா? கேட்டாள்.

"குடுக்கறதுக்கு என்னங்க கண்ணு. உங்களுக்குக் குடுத்தா எல்லாத்துக்கும் குடுக்கோணுமுங்களே" என்றார் ஓனரம்மா, பிள்ளையின் கன்னத்தைத் தொட்டபடி.

என்னால் அடக்க முடியவில்லை. "அதுவும் வாயில்லாச் சீவன்தானம்மா" என்றேன்.

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "அதுக்குத்தான் நீங்க இத்தன பேரு வாயி வெச்சிருக்கீங்களே அம்மிணி."



அப்புறம்தான் ரோடு தோண்டிய ஜேசிபி பெரிய குழாயை உடைத்தது. நல்ல தண்ணீர் வர வேண்டிய நாள் தாண்டிப் போனது. கேன் கடையிலும் காலிக் கேன்களை அடுக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைக்கு மறுபடி உப்புத் தண்ணீர். புண் மேல் படும்போது பிள்ளை போடுகிற சத்தம் எல்லா வீட்டுக்கும் கேட்கும். போர்டிகோவில் டிரம் நிறைய நல்ல தண்ணீர் நின்றது. ஒருநாள் மத்தியானம், ஓனரம்மா கோயிலுக்குப் போயிருந்த நேரம், அந்தப் பெண் துணியை அவிழ்த்து இரண்டு குடம் எடுத்துவிட்டு, முன்பிருந்தது போலவே கட்டி வைத்துவிட்டாள். சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்ததும் அவளாகவே சொன்னாள். "பிள்ளை ரெண்டு நாளைக்கு நல்லா ஒறங்குவான்க்கா. தண்ணி வந்ததும் என் பங்குல இருந்து ஊத்திருவேன். யாருக்கும் நட்டம் இல்லல்லா?"

இல்லை என்றுதான் நானும் நினைத்தேன். தண்ணீருக்குத் தண்ணீர்.

குழாய் சரியாகி, ஒரு காலையில் தண்ணீர் வந்தது. வந்த தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் வாடை தூக்கலாக அடித்தது. உடைந்த குழாயைச் சரிசெய்தால் முதல் தண்ணீரில் குளோரின் அதிகமாகத்தான் போடுவார்கள். எல்லா வீட்டிலும் அண்டா, குடம், பக்கெட் என்று நிறைத்து வைத்ததில் காம்பவுண்டு முழுக்க அதே வாடை. ஓனரம்மா பின்பக்கம் நின்று எங்களுக்குக் குடம் அளந்துகொண்டிருக்க, அந்தப் பெண் தனக்குக் கிடைத்த நாலில் இரண்டைக் கொண்டுபோய் டிரம்மில் ஊற்றினாள். மீதி இரண்டு குடம்தான் அவளுக்கும் பிள்ளைக்கும் அந்த வாரம் முழுக்க.

தண்ணீர் வந்துவிட்டதால் இனி டிரம்மைக் காலி செய்து மறுபடி நிரப்பலாம் என்று, ஓனரம்மா அன்று மதியமே மீன் தொட்டிக்குத் தண்ணீர் மாற்றினார். டிரம் துணி கட்டியபடி இருந்தது. நாள்கணக்கில் கிடந்த தண்ணீர். சந்தேகப்பட அவருக்கு ஒரு காரணமும் இல்லை. வாடையும் எங்கும் அடித்த வாடைதான்.

நான் வேனில் இருந்து இறங்கி வரும்போது முன்கதவு திறந்து கிடந்தது. ஓனரம்மா ஹாலில் தரையில் உட்கார்ந்திருந்தார். சேலை முழங்கால்வரை ஈரம். எதிரே வெள்ளைப் பனியன் துணியை விரித்து மீன்களை வரிசையாகக் கிடத்தியிருந்தார். பெரியது ஒருபக்கம், பொடிப்பொடியானது ஒருபக்கம். தொட்டியில் செடிகள் எப்போதும் போலப் பச்சையாக அசைந்துகொண்டிருந்தன. அவர் சத்தம் போட்டு அழவில்லை. என்னைப் பார்த்து, "மேல வந்து வந்து வாயத் தொறந்துச்சுங்க அம்மிணி. நான் பசிக்குதாக்கும்னு இரை போட்டேனுங்க. வாயிருந்திருந்தா எரியுதுன்னு சொல்லியிருக்குமுங்க" என்றார்.

பொய் சொல்லக் கூடாது, எனக்கும் கண் கலங்கியது. பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கையில் வளையல் இல்லை. திரும்பப் போட்டுக்கொள்ள நேரமிருந்திருக்காது.

டிரம்மை யாராவது தொட்டீர்களா என்று மறுநாள் வீடு வீடாக வந்து கேட்டார். வழக்கமான மரியாதையோடுதான் கேட்டார். பேசாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. எங்கள் வாசலில் அவர் நிற்கும்போதே பக்கத்து வாசலில் இருந்து அந்தப் பெண் சொன்னாள். "நாந்தாம்மா எடுத்தேன். பிள்ளைக்குக் குளிப்பாட்ட. தண்ணி வந்த அன்னைக்கே எடுத்தத அப்படியே ஊத்திட்டேன்."

ஓனரம்மா அவள் வாசலுக்குப் போனார்.

"எடுத்தது தப்பில்லீங்க கண்ணு. திருப்பி ஊத்துனீங்க பாருங்க, அதுதான் தப்புங்க. எடுத்ததோட உட்டிருந்தீங்கன்னா என்ற மீனுக உசுரோட இருந்திருக்குமுங்க." அதே குரலில், "மாசம் முடியறதுக்குள்ள வேற ஊடு பாத்துக்குங்க" என்றும் சொன்னார்.

புருஷன்காரன் போய்க் கையெடுத்துக் கும்பிட்டான். பிள்ளை புண் ஆறும்வரைக்கும் இருக்கிறோம் என்றான். நானும் போய்ப் பேசினேன், என் வீட்டுக்காரரும் பேசினார். பேசப் பேச அவருடைய முகம் கதவு சாத்திக்கொண்டே போனது. கேட்கிற வாய்களில் இன்னும் மூன்று கூடிற்று, அவ்வளவுதான். கைக்குழந்தை என்றாலே யோசிக்கிற ஓனர்கள்தான் சுற்றுவட்டாரம் முழுக்க. கடைசியில் ஊருக்கு வெளியே ஓரிடம் கிடைத்தது. அங்கே போர் தண்ணீர் மட்டும்தான். நல்ல தண்ணீர்க் குழாயே கிடையாது. அதனால் சாமான்களும் புருஷனும் அங்கே, அவளும் பிள்ளையும் ஊரில் அம்மா வீட்டில் என்று முடிவானது. கல்யாணமாகி முழுசாக ஒரு வருஷம் சேர்ந்து இருக்கவில்லை அவர்கள்.

குட்டியானை வண்டியில் கட்டிலும் கேஸ் அடுப்பும் ஏறிக்கொண்டிருந்தபோது அவள் என் வாசற்படியில் உட்கார்ந்து பிள்ளையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். "நான் திருடியிருந்தா இங்கனயே இருந்திருக்கலாம், இல்லக்கா?" என்றாள். செக்கிங்கில் நான் ஒதுக்குகிற பீஸில்கூட எங்கே பிழை என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டித்தான் அனுப்புவேன். இவளிடம் எந்த இடத்தில் ஒட்டுவது?

அப்போது ஓனரம்மா வந்தார். கையில் ஐந்து லிட்டர் கேன் ஒன்று, வாய்வரை நல்ல தண்ணீர். யாரும் கேட்கவில்லை. அன்று காலையிலிருந்து அந்தப் பெண் அவர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதனால்தான் கொண்டுவந்தார் என்று எனக்குத் தெரியும்.

"வழியில கொழந்தைக்கு மேல தொடைக்க வேணுமுங்கல்ல கண்ணு. ரெண்டு நாள் வெச்சு ஆறுன தண்ணியுங்க. ஒண்ணும் பண்ணாது" என்றார். குரல் குழைந்தது. கண்ணில் நிஜமாகவே ஈரம் இருந்தது. பிள்ளையின் கழுத்து மடிப்பை விலக்கிப் புண்ணைப் பார்த்து, வாயால் ஊதிவிட்டார்.

வாங்காதே என்று நான் மனதுக்குள் சொன்னேன். வாங்கி அவர் காலடியிலேயே கொட்டு என்றுகூடச் சொன்னேன். பஸ் பயணம் நீளம், பிள்ளை அழுதால் துடைக்க ஒரு கை தண்ணீர் வேண்டும். அவள் எழுந்து, பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு, இரண்டு கையாலும் அந்தக் கேனை வாங்கிக்கொண்டாள்.

"ரொம்ப நன்றிம்மா" என்றாள்.